பத்தே கால் பஸ்ஸில் வந்த சாட்சிகள்

ஆடித்தபசுத் திருவிழா முடிந்து எட்டாம் நாள், கரிசல்பேட்டைக்குப் பத்தே காலுக்கு வரும் சங்கரன்கோவில் பஸ்ஸிலிருந்து, இந்த உலகத்தில் ஒருநாளும் பிறந்திராத ஒன்பது பேர் இறங்கினார்கள். அவர்களைப் பார்த்து டீக்கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "சாப்ட்டாச்சா?" என்பது. எங்கள் ஊரில் யாரைப் பார்த்தாலும் அதுதான் முதல் கேள்வி. பிறந்தவர்களுக்கு ஒன்று, பிறக்காதவர்களுக்கு ஒன்று என்று நாங்கள் கேள்வி வைத்திருப்பதில்லை.

நான் எதிரே ஜெராக்ஸ் கடையில் நின்றிருந்தேன். ஒன்பது பேரின் பெயரும் வயதும் தொழிலும், அவர்களுக்கு வந்த நோயும், அது எத்தனை நாளில் தீர்ந்தது என்பதும் எனக்குத் தெரியும். மூன்று வாரத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை, காலைப் பலகாரத்துக்கும் பதினோரு மணிக் காபிக்கும் நடுவில், அவர்களைச் செய்தவள் நான். கையிலிருந்த காகிதங்களைக் கடையிலேயே விட்டுவிட்டு, முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு, சந்து வழியாக வீட்டுக்கு ஓடினேன்.

என் பெயர் ஆவுடை. போனில் ஏதாவது விளம்பரத்தைத் தெரியாத்தனமாகத் தொட்டால் ஒரு பக்கத்தில் போய் விழுவீர்கள் இல்லையா, லேண்டிங் பேஜ் என்று சொல்லுகிற அந்தப் பக்கம், அதைக் கட்டுவது என் தொழில். விழுந்தவர் வாங்காமல் எழுந்து போகக்கூடாது. நூறு பேர் வந்தால் இரண்டு பேர் வாங்குவது உலக வழக்கம், அதை ஐந்தாக ஆறாக ஆக்கித் தருகிறவளுக்கு நல்ல பெயர். அதற்கு மனித மனசு எந்த இடத்தில் இளகும் என்று தெரியவேண்டும், அதற்கென்று ஒரு படிப்பு இருக்கிறது, நான்கு மாதம் வீட்டில் இருந்தபடியே படித்தேன். முதலில் பயத்தைக் காட்டு, பிறகு மருந்தைக் காட்டு. பட்டனில் 'வாங்குங்கள்' என்று எழுதாதே, 'எனக்கு வேண்டும்' என்று எழுது, அவர்கள் மனசே பேசுவதாக இருக்கட்டும். பன்னிரண்டு நிமிடத்திலிருந்து இறங்கும் கடிகாரம் ஒன்றை மேலே வை, முடிந்தால் அது மறுபடி பன்னிரண்டிலிருந்து தொடங்கட்டும், யார் பார்க்கப் போகிறார்கள். இன்னும் ஏழு டப்பாதான் இருக்கிறது என்று போடு, குடோனில் மலையாகக் குவிந்து கிடந்தாலும் ஏழுதான்.

இதெல்லாம் எல்லாரும் செய்வது. எனக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்த விதி வேறு. ஊருக்காக எழுதாதே, ஒரே ஒருவருக்காக எழுது என்று அந்தப் படிப்பில் சொல்வார்கள். அவர் எப்படித் தூங்குவார், எதற்கு அழுவார், எதை வெளியில் சொல்லக் கூச்சப்படுவார் என்று தெரிந்துகொண்டு அவர் காதோடு பேசுகிற மாதிரி எழுதினால், அவரைப் போன்ற ஆயிரம் பேர் தங்களைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார்கள். சென்னையிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் சர்க்கரை நோய்க்கு ஒரு பொடி கொண்டுவந்தார். அதன் பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் இன்னும் நாலு டப்பா போகும். அந்தப் பொடிக்குப் பக்கம் கட்ட உட்கார்ந்தபோது, எனக்குத் தெரிந்த ஒரே ஒருவரை நினைத்துக்கொண்டேன். அது என் அக்கா கோமதி.

அக்கா எனக்குப் பதின்மூன்று வயது மூத்தவள். எனக்கு ஆறு வயதில் அம்மா போனாள், அதிலிருந்து என் தலையைச் சீவியதும் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டதும் நான் வயசுக்கு வந்தபோது வாசலில் நின்று பதறியதும் அக்காதான். கல்யாணமாகிப் போகும்போது என்னையும் கூடவே கூட்டிக்கொண்டு போனாள், சங்கரலிங்கம் அத்தானும் முகம் சுளிக்கவில்லை. அத்தான் தறிக்குப் போவார், அக்கா வீட்டு முன்னறையில் இட்லி மாவு அரைத்து விற்பாள், எட்டு வருஷமாக அவளுக்குச் சர்க்கரை நோய். நானும் தனியாக வீடு எடுத்து இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறேன், சாயங்காலமானால் கிரைண்டர் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு அவள் பேசுவதைக் கேட்பேன். அவள் பேசியது பூராவும் என்னிடம் இருந்தது.

'மாத்திரை டப்பாவைப் பார்த்தாலே அழுகை வருகிறதா?' என்று முதல் வரி எழுதினேன், ஏழு கிழமைக்கு ஏழு அறை வைத்த அந்த டப்பாவைப் பார்த்து அவள் கண் கலங்கியதை நான் பார்த்திருக்கிறேன். 'டாக்டர் உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசி எத்தனை நாளாயிற்று?' அது அவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போதெல்லாம் சொல்வது. 'பந்தியில் பாயசம் வந்ததும் இலையை மூடிவிட்டீர்களா?' அது சித்தப்பா மகன் கல்யாணத்தில் நடந்தது. இப்படி ஒவ்வொரு வரியாக அவளை எடுத்து எடுத்து வைத்தேன், எனக்கே எழுதும்போது தொண்டை அடைத்தது, தொண்டை அடைத்தால் எழுத்து நன்றாக வந்திருக்கிறது என்று அர்த்தம் என்று சந்தோஷப்பட்டேன்.

கடைசியில் ஆரஞ்சு நிறத்தில் பெரிய பட்டன். அதன் கீழே, வாங்க விருப்பமில்லாதவர்கள் தொட்டுவிட்டு வெளியே போவதற்குச் சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன வரி வைப்பது வழக்கம். வெறுமனே 'வேண்டாம்' என்று எழுதினால் லேசாகப் போய்விடுவார்கள், ஆகவே அந்த வேண்டாம் தொடுவதற்குக் கூசவேண்டும். ஒருநாள் அக்கா மாவில் முழங்கை வரைக்கும் கையை விட்டு உப்பைக் கலந்துகொண்டே, "எனக்கு என்ன வந்தாலும் வரட்டும்ட்டி, உலகுக்குப் பாரமா மட்டும் ஆயிரக்கூடாது" என்று சொல்லியிருந்தாள். உலகு அவளுடைய ஒரே மகள், உலகம்மாள். நான் அந்த வரியைச் சின்ன எழுத்தில் எழுதினேன்: 'வேண்டாம், நான் என் பிள்ளைகளுக்குப் பாரமாகவே இருந்துகொள்கிறேன்.'

கம்பெனிக்காரர் போனில் துள்ளினார். "மேடம், அந்த குட்டி லைன்தான் மேடம் மேட்டர்! நூத்துக்கு ரெண்டு இருந்தது, இப்ப ஏழு போகுது. எப்படி மேடம் இதெல்லாம் தோணுது?" என்று கேட்டார். நான் அடக்கமாகச் சிரித்தேன்.

அந்தப் பக்கத்தின் நடுவில் இருந்தவர்கள்தான் அந்த ஒன்பது சாட்சிகள். சாட்சி என்பவர் படிக்கிறவரைப் போலவே இருக்கவேண்டும், ஆனால் ஒரு படி மேலே இருக்கவேண்டும் என்பது விதி. அதனால் அக்காவுக்கென்று ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருத்தியைச் செய்தேன். பெயர் இரா. சௌந்தரவல்லி, வயது ஐம்பத்தெட்டு, முகம் கம்ப்யூட்டர் வரைந்தது, அரக்கு நிறப் புடவை, நெற்றியில் திருநீறு, அவளை நம்பாமல் இருக்க அக்காவால் முடியாது. அவள் சொன்னது இது: "மூணு மாசத்துல மாத்திரையெல்லாம் தூக்கிப் போட்டேன். இந்தப் பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் ரெண்டு கரண்டி சாப்பிட்டேன். இப்ப என் கால்ல நானே நிக்கிறேன்."

இப்போது ஊருக்கு வருகிறேன். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் டீக்கடைக்காரரின் கேள்விக்கு ஆளுக்கு ஒரு பதில் சொன்னார்கள், அதாவது நான் எழுதிக் கொடுத்திருந்த பதிலை. "முதல்ல நானும் நம்பலை, மூணே நாள்ல வித்தியாசம் தெரிஞ்சுது" என்றார் லாரி உரிமையாளர் மாசாணமுத்து. "இப்பதான் நிம்மதியா தூங்குறேன்" என்றார் எலக்ட்ரீஷியன் ஆரோக்கியராஜ். எந்த மாவட்டத்துக்கும் சேராத பொதுப் பேச்சு, நான் அப்படித்தான் எழுதியிருந்தேன். அடுத்து என்ன கேட்டாலும் அதே பதில்தான் வந்தது. அவர்கள் புடவையும் சட்டையும் மார்பு வரைக்கும் நல்ல நிறமாக இருந்தன, அதற்குக் கீழே போகப் போக நிறம் குறைந்து இன்னது என்று சொல்ல முடியாததாக ஆகிவிட்டது, ஏனென்றால் படத்தில் அதற்குக் கீழே எதுவும் இல்லை.

ஊர் மதியம் வரைக்கும் யோசித்தது. பேயாக இருக்குமோ என்று சிலருக்குச் சந்தேகம். பேய்க்குக் கால் தரையில் பாவாது என்பார்கள், ஆனால் வந்தவர்களின் புடவையும் வேட்டியும் தரையைக் கூட்டிக்கொண்டு போயின, யாருக்கும் தூக்கிப் பார்க்கத் தைரியமில்லை. கடைசியில் டீக்கடைக்காரர்தான் தீர்ப்புச் சொன்னார்: "பேயின்னா புளியமரத்துக்குப் போவும். இவங்க வாடகைக்கு வீடு பாக்காவ." அத்துடன் விஷயம் முடிந்தது. அதற்குள் போனில் அந்தப் பக்கத்தைப் பார்த்திருந்த நாலைந்து பேர் அவர்களை அடையாளம் கண்டுகொண்டார்கள், டிவியில் வருகிறவர்கள் நேரில் வந்தால் ஓடிப்போய்ப் பார்க்கிற ஊர்தானே, போனில் வந்தவர்கள் வந்ததும் கூட்டம் கூடிற்று. ஒருவர் குழந்தையைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்.

ஒரு மாதத்தில் அவர்கள் இல்லாமல் ஊரில் ஒரு காரியமும் நடக்காது என்றாகிவிட்டது. மாசாணமுத்துவின் வாக்கியம் எதற்கும் பொருந்தியது, ஆகவே அவருக்குத்தான் கிராக்கி. டியூஷன் சென்டர் வாசலில் அவரை உட்காரவைத்தார்கள், "மூணே நாள்ல வித்தியாசம் தெரிஞ்சுது" என்றார், பிள்ளைகள் சேர்ந்தன. பம்ப்செட் மெக்கானிக் கூட்டிப்போனார், நாட்டு வைத்தியர் கூட்டிப்போனார், உள்ளாட்சித் தேர்தலுக்கு நின்ற இரண்டு பேரும் காலையில் ஒருவர் மாலையில் ஒருவர் என்று முறைபோட்டுக்கொண்டு ஜீப்பில் ஏற்றிப்போனார்கள். ஆரோக்கியராஜிடம் அழுகிற கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து காட்டினார்கள், அவர் "இப்பதான் நிம்மதியா தூங்குறேன்" என்று சொன்னால் அன்றைக்குப் பிள்ளை தூங்கும் என்று நம்பினார்கள், சில பிள்ளைகள் தூங்கவும் செய்தன. பஸ்நிலையத்துக்குப் பின்னால் மெஸ் நடத்தும் அன்னத்தாய் அவருக்கு மூன்று வேளையும் இலை போட்டாள். புருஷன் போன பிறகு, இவ்வளவு பொறுமையாகத் தன் பேச்சைக் கேட்டு ஒரே பதிலைச் சொல்லும் ஆம்பிளையை அவள் பார்த்ததில்லையாம். நான் வீட்டைவிட்டு அதிகம் வெளியே வரவில்லை. ஓணானுக்கு வேலி சாட்சி, வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள், என் ஊர் முழுக்க ஓணானாகிவிட்டது, வேலி போட்டவள் நான்.

சௌந்தரவல்லி அக்காவின் வீட்டு மாடியறைக்குக் குடிவந்தாள். அதை உலகுதான் வந்து சொன்னாள். அன்று சாயங்காலம் போனால், கிரைண்டர் பக்கத்தில் என் முக்காலியில் சௌந்தரவல்லி உட்கார்ந்திருந்தாள், படத்தில் நான் தேர்ந்தெடுத்த அதே சிரிப்போடு.

"வாட்டி, டீச்சரப் பாத்தியா? போன்ல சொன்னாவல்லா, அவங்களே நேர்ல வந்துட்டாவ" என்றாள் அக்கா. அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் அவள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

"போன்லயா? நீ எதுக்குக்கா அதெல்லாம் பாக்க?"

"சும்மா கை பட்டுது. பட்டா, அப்படியே என்னப் பத்திப் பேசுது. நான் ஒன்ட்ட சொன்னதெல்லாம் அதுல வருதுட்டி. எனக்குன்னே யாரோ ஒக்காந்து எழுதின மாதிரி." குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டு டப்பா வாங்கிட்டேன். நீ வைவன்னுதான் சொல்லல."

அன்றைக்கே, அந்த இடத்திலேயே, அக்கா அதை எழுதியது நான் என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. சொல்லவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டாயா என்று மட்டும் கேட்டேன். அவள் சௌந்தரவல்லியைப் பார்த்தாள். சௌந்தரவல்லி, "மூணு மாசத்துல மாத்திரையெல்லாம் தூக்கிப் போட்டேன்" என்று சிரித்தாள்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் இதே நடந்தது. அக்கா தன் கவலைகளைச் சொல்லுவாள், தை மாதம் உலகுக்குக் கல்யாணம் வைத்திருந்தது, மாப்பிள்ளை கயத்தாறு, பெண்ணைத் தாரைவார்க்கும்போது திடகாத்திரமாக நிற்கவேண்டும், பந்தியில் சம்பந்தியோடு உட்கார்ந்து ஒரு வாய் பாயசம் சாப்பிடவேண்டும், இவ்வளவுதான் அவள் ஆசை. ஒவ்வொன்றுக்கும் சௌந்தரவல்லி ரெண்டு கரண்டி சர்க்கரைப் பொங்கலைச் சொல்லுவாள், அது அக்காவுக்கு ஆறுதலாக இருக்கும். ஏழு அறை டப்பா அரிசிப் பானைக்குப் பின்னால் திறக்காமல் கிடந்தது. நான் அதட்டினேன், கெஞ்சினேன், அத்தானிடம் சொன்னேன், அந்தம்மா சொல்வது பொய் என்றுகூடச் சொல்லிவிட்டேன். அக்காவுக்குக் கோபம் வந்தது.

"நீ படிச்சவட்டி, இல்லங்கல. அவங்க அனுபவிச்சவங்க. படிச்சவ பேச்சக் கேக்கதா, அனுபவிச்சவ பேச்சக் கேக்கதா?"

இந்த வாக்கியம் எங்கள் படிப்பில் மூன்றாம் பாடம். நிபுணரைவிட அனுபவஸ்தர், அனுபவஸ்தரைவிடப் பக்கத்து வீட்டுக்காரர். நான் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கிய பதிலை அக்கா மாவுக்கையோடு எனக்கே சொன்னாள்.

எழுதியதை அழித்துவிடலாம், அது ஒரு நிமிட வேலை. ஆனால் அழித்தால் என்ன ஆகும் என்று தெரியாமல் சௌந்தரவல்லியின்மேல் கை வைக்கப் பயமாக இருந்தது. ஆகவே, இருப்பதிலேயே சின்ன வாக்கியக்காரரான ஆரோக்கியராஜை ஒரு புதன்கிழமை மத்தியானம் பக்கத்திலிருந்து எடுத்தேன். அப்போது அவர் அன்னத்தாயின் மெஸ்ஸில் ரசம் சாதத்தில் இருந்தாராம். அப்பளம் கொண்டுவர அவள் உள்ளே போய்த் திரும்பினால் நாற்காலியில் ஆளில்லை, பிசைந்த சோறு பாதியும் மூடாத இலையும் மட்டும் இருந்தது. அவள் அந்த இலையின்மேல் தாம்பாளத்தைக் கவிழ்த்து மூன்று நாள் எடுக்காமல் வைத்திருந்தாள். பயந்துபோய் அன்றைக்கே நான் அவரைத் திரும்ப எழுதினேன், அதே முகம், அதே வாக்கியம், ஆனால் மறுநாள் பத்தே கால் பஸ்ஸிலும் அதற்கு மறுநாள் பஸ்ஸிலும் யாரும் இறங்கவில்லை. அன்னத்தாய் மாதா கோயிலில் அவர் பெயருக்குப் பூசை வைத்தாள். ஊரே போயிற்று, நானும் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன், அழுதவர்களில் நான்தான் அதிகம் அழுதேன் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

கார்த்திகையில் அக்கா கல்யாணத்துக்கென்று புதுச் செருப்பு வாங்கினாள். வலது கால் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் வார் உரசி ஒரு கொப்புளம் வந்தது. கொப்புளம் புண்ணானது, புண் கறுத்தது, அவள் மஞ்சளை அரைத்துப் பூசிக்கொண்டு மாவு விற்றாள். வலி இல்லை என்று சொன்னாள், வலி இல்லாததுதான் பயம் என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "டீச்சரப் பாரு, அவங்க கால்ல அவங்க நிக்காவ" என்று சௌந்தரவல்லியைக் காட்டினாள். அத்தான் என் வீட்டுக்கே வந்து வாசலில் நின்று, "ஆவுடை, நீ சொன்னாத்தாம்மா கேப்பா. என்னமாம் செய்யி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு நான் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவரிடமும் சொல்லவில்லை.

என்னை நானே காறித் துப்பிக்கொள்கிற மாதிரி எத்தனை தடவை அக்கா வீட்டு வாசல்வரைக்கும் போய்த் திரும்பினேன் என்று கணக்கில்லை. பயம் எதற்கு என்றால், பொய் எழுதினேன் என்று சொல்வதற்குக்கூட இல்லை. உன்னை வைத்து எழுதினேன், நீ என்னை நம்பிச் சொன்னதை எடுத்து உனக்கே கண்ணி வைத்தேன் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாயில்லை. அப்போதுதான் ஒன்று தோன்றியது. அந்தப் பக்கத்தில் ஏறியவர்களுக்கு வேறு பேச்சு வராது. வாயில்லாதவளுக்கு அதைவிட நல்ல வழி கிடையாது.

மார்கழி முதல் வாரம், பக்கத்தைத் திறந்து கடிகாரத்தை எடுத்தேன், ஏழு டப்பாவை எடுத்தேன், ஆரஞ்சு பட்டனை எடுத்தேன், பட்டன் போனதும் அதன் கீழிருந்த சாம்பல் வரியும் போயிற்று. ஒன்பது சாட்சிகளுக்குக் கீழே பத்தாவதாக என் நிஜப் படத்தை வைத்து, என் நிஜப் பெயரையும் வயதையும் போட்டு, இப்படி எழுதினேன்: 'இவர்கள் யாரும் பிறக்கவில்லை, எல்லாரையும் நான்தான் எழுதினேன். இந்தப் பொடியில் யாருக்கும் குணமானதில்லை. மாத்திரையை நிறுத்தாதீர்கள்.' எழுதி முடித்துவிட்டு அக்கா வீட்டுக்கு நடந்தேன்.

அக்கா முன்னறையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் சௌந்தரவல்லி நின்றாள். "வாட்டி, சாப்ட்டியா?" என்றாள் அக்கா.

"இவர்கள் யாரும் பிறக்கவில்லை, எல்லாரையும் நான்தான் எழுதினேன்" என்றது என் வாய். "இந்தப் பொடியில் யாருக்கும் குணமானதில்லை. மாத்திரையை நிறுத்தாதீர்கள்."

"என்னட்டி புத்தகம் வாசிக்க மாதிரிப் பேசுத? என்ன எழுதின?"

நான் மறுபடியும் அதையே சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள். மூன்றாவது தடவை சொல்லும்போது எனக்குக் கண்ணீர் வழிந்தது, அழுகைக்குக் குரல் உடையவில்லை, வாக்கியம் மட்டும் பிசிறில்லாமல் வந்தது. சௌந்தரவல்லி தன் சிரிப்பு மாறாமல், "இப்ப என் கால்ல நானே நிக்கிறேன்" என்றாள். அக்கா சுவரைப் பிடித்து மெல்லக் குனிந்தாள். இந்த ஐந்து மாதத்தில் ஊரில் ஒருவரும் செய்யத் துணியாததை அவள் செய்தாள், சௌந்தரவல்லியின் நிறமில்லாத புடவைக் கரையை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினாள். அங்கே சிமெண்டுத் தரை இருந்தது, வேறொன்றும் இல்லை. நான் அவளுக்குக் கால் எழுதவில்லை.

அக்கா கரையைப் பதனமாகக் கீழே விட்டாள். தன் கறுத்த விரலை ஒருதடவை பார்த்தாள். "ஏ உலகு, அப்பாவ ஆட்டோ கூட்டிட்டு வரச் சொல்லு, திருநவேலிக்குப் போணும்" என்றாள்.

இரண்டு விரல்கள் போயின. இன்னும் நான்கு நாள் பிந்தியிருந்தால் கணுக்கால் வரைக்கும் எடுத்திருப்போம் என்று டாக்டர் சொன்னாராம், இந்தத் தடவை முகத்தைப் பார்த்துச் சொன்னாராம். உலகுவின் கல்யாணத்தில் அக்கா நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் தாரைவார்த்தாள். பந்தியில் பாயசம் வந்தபோது இலையை மூடினாள். நான் பரிமாறிக்கொண்டிருந்தேன், சம்பந்தியம்மா என்னைப் பார்த்து, "நீங்கதான் சித்தியா?" என்று கேட்டதற்கு, இவர்கள் யாரும் பிறக்கவில்லை என்று பதில் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டார் ஒரு நிமிடம் அசந்துபோனார்கள், பிறகு சாம்பார் கேட்டார்கள்.

கம்பெனிக்காரர் போன் செய்து கத்தினார், நான் என் வாக்கியத்தைச் சொன்னேன், வைத்துவிட்டார். வேறு ஊரில் வேறு ஆளை வைத்து வேறு பக்கம் கட்டிக்கொண்டார் என்று கேள்வி, அதிலும் சாட்சிகள் உண்டாம், அவர்கள் எந்த ஊர் பஸ்ஸில் இறங்கினார்களோ. ஊர் என்னையும் செரித்துக்கொண்டது. வெளியூர்க்காரர் யாராவது மனை விற்க வந்தாலும், பாத்திரம் விற்க வந்தாலும், ஒரு பக்கம் மாசாணமுத்துவை உட்காரவைக்கிறார்கள், மறுபக்கம் "ஆவுடையக் கூட்டிட்டு வாங்க" என்று என்னை உட்காரவைக்கிறார்கள், இரண்டு பேர் சொல்வதையும் கேட்டுவிட்டு மனசுக்குத் தோன்றியதை வாங்குகிறார்கள். சௌந்தரவல்லி இன்னும் மாடியறையில்தான் இருக்கிறாள். அனுப்பிவிடு என்று அத்தான் சொன்னதற்கு, "அவ என்ன செய்வா, எழுதினதச் சொல்லுதா" என்றாளாம் அக்கா.

அக்கா என்னைத் திட்டவேயில்லை. திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். இப்போதெல்லாம் தினமும் நான்கு மணிக்கு, மாவு விற்று முடித்து, கம்பை ஊன்றிக்கொண்டு அவளே இரண்டு தெரு நடந்து என் வீட்டுக்கு வருகிறாள். தூக்குச்சட்டியில் ஏதாவது இருக்கும். "சாப்ட்டியாட்டி?" என்று கேட்பாள், நான் என் வாக்கியத்தைச் சொல்வேன், அவள் தட்டு எடுத்து வைப்பாள். நான் சாப்பிட்டு முடித்ததும், தட்டை எடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"எல்லாத்தையும் தாண்டிட்டேன்ட்டி அன்னைக்கு. போன மூடிருவோம்னு விரல் கிட்டப் போயிட்டு. கீழ ஒரு சின்ன எழுத்து இருந்துச்சு, பிள்ளைகளுக்குப் பாரமா இருந்துக்கிடுதேன்னு. அதத்தான் என்னால தொட முடியல. தொட்டா நானே ஒத்துக்கிட்ட மாதிரியில்லா ஆவும். அத எழுதினது யாருட்டி?"

நான் வாயைத் திறப்பேன். இவர்கள் யாரும் பிறக்கவில்லை, எல்லாரையும் நான்தான் எழுதினேன் என்று வரும். அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை. ஒப்புக்கொள்ள உட்கார்ந்த அன்றைக்கும் நான் கைபழகிய தொழில்காரியாகத்தான் எழுதியிருக்கிறேன், எதைச் சொன்னால் நம்புவார்களோ அதைச் சொல்லிவிட்டு, எதைச் சொன்னால் வெறுப்பாளோ அதைப் பட்டனோடு சேர்த்து ஓசையில்லாமல் அழித்திருக்கிறேன். அவள் இரண்டு மாதமாகக் கேட்கிறாள். அவளுக்கு விடை தெரியும், மாவுக்கையோடு அந்த வார்த்தையை அவள் சொன்ன நாள் கேட்டுக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான். இருந்தாலும் என் வாயால் வரவேண்டும் என்று கம்பை ஊன்றிக்கொண்டு வருகிறாள்.

இன்று மத்தியானம் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். பட்டன் இல்லாத, விற்க ஒன்றுமில்லாத பக்கம், வருகிறவர்கள் படித்துவிட்டுப் போகிறார்கள். பத்தாவது சாட்சியின் பழைய வாக்கியத்தை அழித்துவிட்டு, புதிதாக ஒன்றை, எல்லாரும் படிக்கும்படி பெரிய எழுத்தில் எழுதினேன். இனி இந்த ஜென்மத்துக்கு எனக்கு அது ஒன்றுதான் பேச்சு, நாளைக்கு உலகுவின் பிள்ளைகள் என் பெயரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன், சொல்லிவிட்டுப் போகிறேன். மணி நான்காகப் போகிறது. தெருமுனையில் கம்பு தட்டும் சத்தம் கேட்கிறது, ஒரு தட்டு, ஒரு காலடி, பிறகு விரல் இல்லாத காலின் இழுப்பு. சாப்ட்டியாட்டி என்று கேட்டுக்கொண்டே படியேறுவாள், நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறப்பேன்.

"அந்தச் சின்ன எழுத்தும் நான்தாங்க்கா. ஒன் வாயிலேருந்துதான் எடுத்தேன்."